காசியம்மாளுக்கு வந்த மூன்று காகிதங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் கோர்ட்டில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஏதோ ஓர் ஊரில் நின்றுகொண்டு பேசினாள்.

“சார், நோட்டீஸ்ல இருக்கிற ஆளு வூட்ட காலி பண்ணிட்டு போய்ட்டாராம். இப்ப வேற குடும்பம் இருக்காங்க. நல்ல மாதிரி பேசுறாங்க. அவங்க கிட்டயே குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்துடவா?”

“குடுக்காத” என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி ரசக் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். போனில் திவ்யா பயந்துவிட்டாள். அனுபவஸ்தரைக் கேள் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். என்னை அனுபவஸ்தர் என்று யார் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் உதறும். ஒரு தப்பை அரைகுறையாக இல்லாமல் முழுசாகச் செய்து, அதற்காகக் கூண்டில் ஏறி நின்று பதில் சொன்னவன் என்பதுதான் என் விஷயத்தில் அந்த வார்த்தைக்குப் பொருள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு வேலை கிடைத்ததில் பெருமை ஒன்றுமில்லை. அப்பா கோர்ட் வாட்ச்மேனாக இருந்து சர்வீஸிலேயே போய்விட்டார். கருணை அடிப்படையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் எங்களை அமீனா என்பார்கள். சந்தவாசலில் வீடு, அடிவாரத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் வேலை, போக வேண்டிய ஊர்களில் பாதி மலைமேல். பயிற்சி பத்து நாள். ஒரு மூத்தவர் பின்னால் பசை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் கற்றுக்கொடுத்ததில் உருப்படியாக எனக்கு வந்தது, மைதாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சுவது மட்டும்.

வேலை கேட்பதற்குச் சுலபமானது. நோட்டீஸ் இரண்டு பிரதி வரும். ஒன்றை உரியவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றதன் பின்பக்கத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். அவர் வெளியே போயிருந்தால், அதே வீட்டில் அவரோடு வாழ்கிற வயது வந்த குடும்பத்தார் யாரிடமாவது கொடுக்கலாம். வீடு பூட்டியிருந்தாலோ, வாங்க மறுத்தாலோ கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கலாம். ஆனால் ஆள் வீட்டை விட்டே போய்விட்டார் என்றால் கொடுக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. எங்கே போனார் என்று விசாரித்து எழுதி, நோட்டீஸைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒழுங்காகக் கொடுத்து முடித்தால் அதற்குச் ‘சார்பு செய்தல்’ என்று பெயர்.

இந்தக் காகிதங்களை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் சரிபார்க்கிறவர் நாசர். அது பதவியின் பெயர். எங்கள் நாசர் பரமசிவம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு இரும்பு ஸ்கேலை நாங்கள் எழுதிய வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படிப்பார். ஸ்கேல் கடைசி வரி வரைக்கும் போய்விட்டால் பிழைத்தோம். நடுவில் நின்றால் ஒரு கேள்வி வரும். கேள்வி எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

சேர்ந்த வருஷம் மழைக்காலத்தில், ஜமுனாமரத்தூர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ‘வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டப்பட்டது’ என்று ஒரு நோட்டீஸுக்கு எழுதிவிட்டேன். மழை கொட்டியது, ஊர் ஏழு கிலோமீட்டர் உள்ளே இருந்தது, காலில் புதுச் செருப்பு. டீக்கடைக்காரரும் பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஸ்கேல் நின்றது.

“கதவு இன்னா கலரு?” என்றார் நாசர்.

“பச்சைங்க சார்.”

“அந்த வூட்டுக்குக் கதவே கெடையாதே. கோணிப் படுதாதான தொங்கும்.”

அவர் நாசராவதற்கு முன் அதே மலையில் பதினைந்து வருஷம் பசை பாட்டில் தூக்கியவர் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெமோ கொடுக்கவில்லை. “நாளைக்குப் போய் ஒட்டிட்டு வா. கதவு இல்லன்னா எதுல ஒட்டினன்னும் எழுது” என்றார். போனேன். புதுச் செருப்பு வழியிலேயே அறுந்தது. அன்றிலிருந்து கதவின் நிறம், நாயின் நிறம், கூரை ஓடா ஓலையா என்று யாரும் கேட்காததையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். ‘நாய் ஒன்று, செவலை நிறம், குரைத்தது’ என்று கோர்ட் ரெக்கார்டில் இருக்கிறது. என் கைங்கர்யம்தான்.

பிறகு கதவு இருந்த வீடுகளிலும் வம்பு வந்தது. ஜமுனாமரத்தூரில் ஒரு டிரைவருக்கு விவாகரத்து நோட்டீஸ். வீடு பூட்டியிருந்தது. முறைப்படி ஒட்டிவிட்டு, நிம்மதியாகக் கீழே இறங்கிவிட்டேன். டிரைவர் காலி பண்ணிப் போய் ஒரு மாதமாகி, புதிதாகக் கல்யாணமான ஓர் ஆசிரியர் அங்கே குடிவந்திருக்கிறார். அன்று சாயங்காலம் கலசப்பாக்கத்திலிருந்து அவருடைய மாமியார் பாத்திரம் பண்டங்களோடு முதல் முறையாக மகளைப் பார்க்க வந்திறங்கினார். கதவில் விவாகரத்து என்று இருந்ததைப் படித்தவர், வாசலில் வைத்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாராம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“பேரப் பாருங்கம்மா, இது உங்க மாப்பிள்ளை பேரு இல்ல” என்றேன்.

“பேரு கெடக்கட்டும்யா. எம்பொண்ணு குடித்தனம் பண்ற வூட்டுக் கதவுல இந்த எழுத்து எதுக்கு?” என்றார் அந்த அம்மா.  காகிதத்தைக் கிழிக்கலாம் என்றால், நான்தான் பசை காய்ச்சுவதில் கெட்டிக்காரன் ஆயிற்றே, பாதி வந்து பாதி நின்றுவிட்டது. கடைசியில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி அந்தக் கதவு முழுக்க நானே அடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை நல்லவர், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

இதிலிருந்து நான் படித்த பாடம் தப்பான பாடம். விசாரிக்காமல் ஒட்டியதுதான் தவறு என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒட்டினால்தான் வம்பு, யார் கையிலாவது கொடுத்துவிட்டால் வம்பில்லை என்று புரிந்துகொண்டேன். அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கிறதா என்றுதான் தேடுவேன். நான் எடுத்துப் போனதில் கொடுக்காமல் திரும்பி வருகிற நோட்டீஸ் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. ‘ஏழுமலை போனா சார்புதான்’ என்று ஆபீஸில் பேச்சு. நானும் அதைக் கேட்டும் கேட்காதது போல இரண்டு மேஜை தள்ளி நின்று கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பெயரோடுதான் காசியம்மாள் கேஸுக்குப் போனேன்.

மலைமேல் உள்ளடங்கிய ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் வேண்டாம். காசியம்மாளின் கணவர் இறந்து இரண்டு வருஷம். அவர் விட்டுப்போனது இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லையும் அதில் பதினோரு புளியமரமும். அது முழுக்கத் தன் பங்கு, அண்ணிக்கு அதில் உரிமை இல்லை என்று கணவரின் தம்பி வேலு கேஸ் போட்டிருந்தார். காசியம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு. அந்தக் கொல்லையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு பெயரும் ஒரு விலாசமும்தான்.

வீட்டு வாசலில் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“காசியம்மா வூடு இதானா?”

“இதாங்க.”

“அவங்க இருக்காங்களா?”

“இல்லீங்க.”

“நீ அவங்களுக்கு இன்னா வேணும்?”

“தங்கச்சிங்க. வசந்தா.”

“இங்கதான் இருக்கறியா?”

“இங்கதாங்க இருக்கறேன்.”

கேட்க வேண்டியது இன்னும் ஒரு கேள்வி. காசியம்மாள் இப்போது வெளியே போயிருக்கிறாரா, வீட்டை விட்டே போய்விட்டாரா? கேட்கவில்லை. மூன்றரை மணிக்குக் கடைசி ஜீப், அது வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் கேட்கவில்லை. வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் நோட்டீஸை வாங்கினாள். கைரேகை வைத்தாள். குடிக்க மோர் கொடுத்தாள். ‘பிரதிவாதி வெளியில் சென்றிருந்தார், உடன் வசிக்கும் தங்கை வசந்தா பெற்றுக்கொண்டார், கதவு நீலம், நாய் வெள்ளை’ என்று எழுதினேன். நாசரின் ஸ்கேல் நிற்காமல் கீழே இறங்கியது.

மலை ஊர்களில் யாருமே யாருக்கும் அந்நியம் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறையில் உறவு; வசந்தாவும் காசியம்மாளுக்கு அப்படி முறைக்குத் தங்கைதான், கூடப் பிறந்தவள் இல்லை. கணவர் போனபிறகு காசியம்மாள் பிள்ளைகளோடு செங்கம் பக்கத்துச் சரிவில் இருந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். மழையில் கூரை விழுந்து நின்ற வசந்தாவை, என் வீட்டில் இருந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வசந்தா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் எழுதியதுதான் பொய்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டுப் போனவருக்கு என்று எது வந்தாலும், கல்யாணப் பத்திரிகையோ, திருவிழாப் பங்கோ, அதைப் பரண்மேல் எடுத்து வைப்பார்கள். அவரே வந்து கேட்டு வாங்கும்வரை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். நடுவில் தொலைந்தால் இரண்டு வீட்டுக்கும் பகை ஆகிவிடும் என்று. பிரித்தும் பார்க்க மாட்டார்கள். அடுத்தவர் பொருள்.

இன்னும் இரண்டு முறை போனேன். ஒன்று இடைக்கால மனு நோட்டீஸ். மற்றது, காசியம்மாள் எந்த வாய்தாவுக்கும் வராததால் கோர்ட் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு, அதை நிறைவேற்றுவதற்கான நோட்டீஸ். இரண்டையும் வசந்தா வாங்கிக்கொண்டாள். கடைசி முறை மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

“ஐயா, அக்காவுக்கு இவ்ளோ காயிதம் வருதே. எதுனா நல்ல விசயமா?”

“கோர்ட்டு விசயம். பத்திரமா வெச்சி குடுத்துடும்மா” என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அப்படியே செய்தாள்.

மாசி மாதம் நிலத்தைக் கைப்பற்றி வேலுவிடம் ஒப்படைக்க வாரன்ட் வந்தது. எங்கள் கோர்ட்டில் ஆள் குறைவு, அதையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். வேலு பத்துப் பேரோடும் துரட்டிக் கோல்களோடும் காத்திருந்தார். கொல்லைக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு பெண் மரத்தடியில் சாக்கை விரித்து, உதிர்ந்த புளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள் ஓடு உடைத்துக்கொண்டிருந்தன. வருஷா வருஷம் புளி உலுக்க வருவது போல, அன்று காலையில்தான் நேராகக் கொல்லைக்கு வந்திருக்கிறார். அது காசியம்மாள்.

“இது இனிமே எங்க மரம். கோர்ட்டு சொல்லிட்ச்சி” என்றார் வேலு.

“எந்தக் கோர்ட்டு? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காத கோர்ட்டு எங்க இருக்குது?” என்றார் காசியம்மாள்.

“மூணு தபா நோட்டீஸ் குடுத்தாச்சிம்மா” என்றேன் நான், ரொம்ப அதிகாரமாக. “உன் தங்கச்சி வாங்கியிருக்கா.”

சத்தம் கேட்டு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வசந்தாவும் வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டவள், பதில் வருவதற்குள் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். எல்லோருக்கும் நடுவில் அதைக் காசியம்மாளிடம் நீட்டினாள்.

“உனக்குத்தான்க்கா வந்திச்சி. மூணும் இருக்குது. ஒண்ணக்கூட பிரிக்கல.”

அவள் முகத்தில் இருந்தது பெருமை. அக்கா பொருளைக் கரையான் படாமல் காப்பாற்றிய பெருமை. காசியம்மாள் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டி, “இதுல இன்னா எழுதியிருக்குதுங்க?” என்றார். நான் எழுதிய ‘உடன் வசிக்கும் தங்கை’ என்கிற வரி எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.  அப்படியே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அமீனா சார், இன்னா உக்காந்துட்டீங்க? ஆகட்டும்” என்றார் வேலு. வாரன்ட்டை நிறைவேற்றவில்லை என்று எழுதிக்கொண்டு கீழே வந்தேன். அவர் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு அண்ணி இருந்த இடம் முதலிலிருந்தே தெரியும். பழைய விலாசத்தைக் கொடுத்தது அவர் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சோம்பேறி அமீனா தேவைப்பட்டான், கிடைத்தான்.

நாசரிடம் நடந்ததைச் சொன்னேன். ஸ்கேலை எடுக்கவில்லை.

“அந்தம்மாவுக்கு வக்கீல் இருக்காரா?”

“இலவச சட்ட உதவியில கேக்கச் சொல்லி அனுப்பியிருக்கேன் சார்.”

“தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி மனு போடுவாங்க. நோட்டீஸ் ஒழுங்கா போகலன்னு காட்டணும். உன் ரிப்போர்ட்டுல ஒழுங்கா போச்சின்னு இருக்குது. நீ அத பொய்யின்னு எழுதிக் குடுத்தா உனக்கு சார்ஜ் மெமோ வரும்.” மேஜை இழுப்பறையைத் திறந்தார். “எழுதலன்னா ஒண்ணும் வராது.”

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார். எனக்குப் பெண் கல்யாணத்துக்கு இருந்தாள். ஒரு மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாசர் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு எழுதினேன். கதவின் நிறம், நாயின் நிறம் இல்லாமல் நான் எழுதிய முதல் ரிப்போர்ட் அது.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். பதினெட்டு வருஷம் அதே ஹாலில் மற்றவர்களைக் கூண்டுக்கு வழி காட்டியவன், ஏறும்போது படி தடுக்கி விழப் பார்த்தேன். வேலுவின் வக்கீல் என் பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டுல எது பொய்?”

“மொதல்ல எழுதினதுங்க.”

“அப்ப பொய் எழுதுற ஆளுன்னு ஒத்துக்கிறீங்க. இப்ப மட்டும் உண்மைன்னு கோர்ட்டு எப்படி நம்புறது?”

“நம்ப வேணாங்க. அந்த ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான்தான் கேக்கல.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “ஏன் கேக்கல?”

“ஜீப்பு போயிடும்னுங்க ஐயா.”

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பின் வரிசையில் காசியம்மாளும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு ரத்தானது. எனக்கு இரண்டு வருஷத்துக்கு இன்க்ரிமென்ட் நிறுத்தம். ‘ஏழுமலை போனா சார்புதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதே வாக்கியத்தை வேறு தொனியில் சொல்ல ஆரம்பித்தார்கள். கேஸ் முதலிலிருந்து நடந்தது. காசியம்மாள் ஒரு வாய்தா தவறவில்லை. ஒவ்வொரு முறையும் வசந்தா கூடவே வந்து வராண்டாவில் உட்கார்ந்திருப்பாள். வேலுவின் வழக்கு தள்ளுபடியானது. கொல்லையும் மரங்களும் காசியம்மாளுக்கே நின்றன.

தீர்ப்பு வந்த அன்று நான் வெட்கமில்லாமல் ஒரு காரியம் செய்தேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் வெளியே வரும் வழியில் கையில் எந்த வேலையும் இல்லாமல் நின்றேன். நன்றி என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். என் சம்பள உயர்வைக் கொடுத்துக் காப்பாற்றிய நிலம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. காசியம்மாள் என்னைப் பார்த்து நின்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று, “இன்னாம்மா, வசந்தா மேல கோவம் எதுவும் இல்லியே?” என்று கேட்டேன்.

“அவ மேல எதுக்குங்க கோவம்?” என்றார். சத்தம் போடவில்லை. “அவ எனக்குன்னு வந்தத எனக்குன்னு வெச்சிருந்தா. நீங்கதான் எனக்குன்னு வந்தத வேற ஆளு கையில குடுத்துட்டு, எனக்கு வந்து சேந்ததா எழுதினீங்க.”

சொல்லிவிட்டு வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் உரிய ஆளுக்கு, நேரில், நேராகக் கையில் கொடுத்து முடித்த நோட்டீஸ் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அன்று அவர் எனக்குச் சொன்ன அந்த வார்த்தைதான். வாங்கிக்கொண்டேன். மறுக்க எனக்கு முகாந்திரம் எதுவும் இல்லை.